கூப்பனுக்குப் பின்பக்கம்

ஓட்டை வழியாக ஒரு கண் என்னைப் பார்த்தது.

கோமதி அத்தையின் கண். வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தின் நடுவில் ஒரு சீட்டுக்கட்டு அளவுக்கு இடம் காணோம். அந்த இடத்தில் அத்தையின் கண்ணும் மூக்குத்தியும் தெரிந்தன.

"ஏளா சொர்ணம், இதுல கதை எங்கன?"

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றேன். காலையில் கொடுத்த பத்திரிகையைச் சாயங்காலம் திரும்ப வாங்க வேண்டும். உள்ளே எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

"விளம்பரந்தான் அத்தை வெட்டுனேன்."

"அந்தப் பக்கம் விளம்பரம்ளா. இந்தப் பக்கம் வசந்தாவுக்குக் கடுதாசி வந்திருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நான் எப்படி ராத்திரி சோறு திங்க?"

எனக்கும் தெரியாது. நான் பின்பக்கம் பார்க்கவில்லை.

"ஒங்க அப்பா வரட்டும்" என்றார் அத்தை. பத்திரிகையைத் தரவில்லை. கதவையும் சாத்திவிட்டார்.

அப்பாவின் மூன்று கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு அப்பாவைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்பா சேரன்மகாதேவியில் வீடு வீடாகப் பத்திரிகை கொடுத்துத் திரும்ப வாங்குகிறவர். வாடகைக்குப் படிக்கிற வீடுகள். ஊரில் அவருக்குப் பொஸ்தக அண்ணாச்சி என்று பேர். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் தமிழ்நாட்டில் வருகிற எல்லாப் பத்திரிகையும் இருக்கும்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஜங்ஷனிலிருந்து பத்திரிகைக் கட்டு வரும். அந்த வாரப் பத்திரிகையில் மூன்று பிரதி வாங்குவார். காக்கி அட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்து, சிவப்பு மையில் நம்பர் போடுவார். எல்லாம் ஏழரை மணிக்குள் முடியும்.

வந்த அன்றே படிக்கிற வீடு முதல் கை. அடுத்தடுத்த நாள் படிக்கிற வீடு இரண்டாம் கை. அடுத்த வாரம், முனை மடங்கி, யார் வீட்டுக் குழம்போ பட்ட பிறகு படிக்கிற வீடு மூன்றாம் கை. கதை எல்லாருக்கும் ஒன்றுதான்.

கோமதி அத்தை முதல் கை. தாலுகா ஆபீஸ்காரர் வீடு. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் நிறைய வயல் இருந்த குடும்பம் என்பார்கள். நான் பார்த்தபோது இருந்தது பத்திரிகை ஆசை.

அத்தை வீட்டுக்கும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் கொடுப்பேன். அப்போது பத்தாவது படித்தேன். படித்தேன் என்றால் போய் வந்தேன்.

விளம்பரம் மட்டும் படித்தவள்

வீட்டில் இத்தனை பத்திரிகை இருந்தும் நான் கதை படித்ததில்லை. தொடரும் என்று முடியும். பாதியில் இறக்கிவிட்ட பஸ் மாதிரி இருக்கும்.

விளம்பரம் அப்படி இல்லை. நாலு வரியில் முடிந்துவிடும். சோப்பு போட்டாள், வெள்ளையானாள். தைலம் தேய்த்தார், எழுந்து நடந்தார். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லா விளம்பரமும் படிப்பேன். உயரம் வளர மருந்து. முப்பது நாளில் இங்கிலீஷ். பழைய தலைவலிக்குப் புது டப்பா. பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பதைப் படிப்பேன். கன்னடியன் கால்வாய் ஓரச் சுவரில் உரக் கம்பெனிக்காரர்கள் மஞ்சள் பெயின்டில் எழுதுவதை நின்று பார்ப்பேன். டூரிங் கொட்டகையில் படத்தைவிட இடைவேளை ஸ்லைடு எனக்குப் பிடிக்கும். ஜவுளிக்கடை ஸ்லைடு எப்போதும் தலைகீழாக வரும். ஜனம் விசிலடிக்கும். அப்புறம் நேராக வரும்.

ஒன்று கவனித்தேன். விளம்பரத்தில் எல்லாரும் பல்லைக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் காட்டினதில்லை. அப்பா சிரித்தால் மீசை கொஞ்சம் அசையும். அம்மா பீடி சுற்றுகிறவள், இலையைப் பார்த்தே சிரித்துக்கொள்வாள். எங்கள் படத்தைப் போட்டால் ஒரு டப்பா விற்காது.

ஆனாலும் நம்பினேன். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன்.

சவூதி பாய் கடை

அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு முன்அறையில் வீடியோ கேம் கடை வந்தது. காயல்பட்டினத்துக்காரர். சவூதியில் வேலை பார்த்துத் திரும்பும்போது மூன்று டிவியும் மூன்று கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். ஊர் அவரைச் சவூதி பாய் என்றது.

தம்பி முருகன் எட்டாவது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரல் இரண்டையும் ஆட்டிக்கொண்டே பேசுவான்.

"டாங்கி ஒண்ணு இருக்குக்கா. செங்கச் செவருக்குள்ள நம்ம கொடி இருக்கும். மத்த டாங்கிலாம் சுட வரும். அதுக்கு முந்தி நம்ம சுட்டுரணும். செவரு போச்சுன்னா கொடி போச்சு. கொடி போச்சுன்னா எல்லாம் போச்சு."

"எத்தனை உசிரு?"

"மூணு. நாலாவது ஸ்டேஜ் தாண்டிட்டேன். நேத்து அஞ்சாவதுல செத்தேன்."

"எப்படிச் செத்த?"

"சொன்னா ஒனக்கு வெளங்காது."

கடை வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். அதிக ஸ்டேஜ் போனவனுடைய பேரின் முதல் எழுத்தைச் சாக்பீஸில் எழுதி வைப்பார் பாய். எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஜ் நம்பர். நான் தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் டுப் டுப் என்று சத்தம் கேட்கும். பையன்கள் கத்துவார்கள்.

பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியதில்லை.

ஒரு நாள் திரைச்சீலை காற்றில் விலகியது. ஒரே ஒரு நிமிஷம். கறுப்புத் திரையில் மஞ்சள் டாங்கி ஒன்று சுவரைச் சுற்றி வந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அன்று கணக்கு நோட்டில் செங்கல் செங்கலாக வரைந்தேன். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "வீடு கட்டப் போறியா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் பற்பொடி விளம்பரம் வந்தது.

முதல் பரிசு: டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம். ஐந்து வாரம் வரும் ஐந்து கூப்பனையும் வெட்டி ஒட்டி, "நான் இந்தப் பற்பொடியை விரும்பக் காரணம்" என்று பத்து வார்த்தைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

படத்தில் ஒரு பெண் விளையாடிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ரெட்டைச் சடை. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. பெட்டி வந்தால் போதும். யார் வீட்டுத் திரைச்சீலையும் விலக வேண்டாம்.

பீடிக் கத்தரி

அம்மாவின் பீடிக் கத்தரியால் வெட்டினேன். இலை வெட்டுகிற கத்தரி. தகர அளவை வைத்துச் சுற்றி வெட்டினால் பிசிறே இருக்காது. கூப்பன்கள் அச்சில் வார்த்த மாதிரி வந்தன.

மூன்று பிரதியிலும் வெட்டினேன். ஒன்று என் பேரில். ஒன்று அப்பா பேரில். ஒன்று முருகன் பேரில். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாலு வாரமும் பின்பக்கம் பார்த்தேன். தைலம், அப்பள மாவு, மறுபடி தைலம், ஒரு சினிமாக்காரரின் பேட்டியில் கடைசி பதில். யாருக்கும் நஷ்டமில்லை. அப்பா ஓட்டையைப் பார்த்துவிட்டு, "என்னளா இது?" என்றார். "விளம்பரம்" என்றேன். விட்டுவிட்டார்.

ஐந்தாவது வாரம் கட்டு பிந்தி வந்தது. பஸ் டயர் பஞ்சர். போட்டிக்குக் கடைசித் தேதி நாலு நாளில். சென்னைக்குத் தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்று போஸ்ட் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். காலைத் தபால் பை எட்டு மணிக்குப் போய்விடும்.

அப்பா முற்றத்தில் அட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் வெட்டினேன், ஒட்டினேன், எழுதினேன்.

என் பேரில் எழுதியது: எங்கள் தெருக் கடையில் இது ஒன்றுதான் இருக்கிறது.

அப்பா பேரில்: எரியவில்லை.

முருகன் பேரில்: இனிப்பாக இருப்பதால் தேய்க்காமல் தின்றுவிடுவேன்.

பத்து வார்த்தை கேட்டார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

ஓடிப் போய்ப் போட்டேன். பெட்டிக்குள் கவர் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று சாயங்காலம்தான் அத்தையின் கண்.

பத்திரிகைத் தாளுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் கதை. கத்தரிக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நீயே அடை"

அப்பா அன்று சீக்கிரமே திரும்பினார். மற்ற முதல் கை வீடுகளிலும் இதே புகார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். பெட்டியைத் திறந்தார். அத்தை வீட்டிலிருந்து வாங்கி வந்ததையும் சேர்த்து மூன்று பிரதியையும் வரிசையாக வைத்தார். மூன்று ஓட்டை.

"மூணுலயுமா?"

"மூணு போட்டா மூணு வாய்ப்புப்பா."

"கணக்குல முட்டை வாங்குத. இதுல மட்டும் கணக்கு வருது."

முருகன் சிரித்தான். அப்பா அவனைப் பார்த்தார். நிறுத்திவிட்டான்.

"கோமதியம்மா அடுத்த மாசத்துலேருந்து வேண்டாங்காக. அவுக விட்டா அந்தத் தெருவே விட்டுரும்" என்றார் அப்பா. பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "ஓட்டைய நீதான போட்ட. நீயே அடை."

அவர் சொன்னதற்கு அர்த்தம் தெளிவு. காணாமல் போன வரிகளை எங்கிருந்தாவது பார்த்து எழுதி ஒட்ட வேண்டும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். தீர்ந்துவிட்டது. நூலகத்துக்குப் போனேன். மேஜையில் அந்தப் பத்திரிகை இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

அங்கேயும் அதே இடத்தில் ஓட்டை.

ஊரில் வீடியோ கேம் வேண்டியது எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் பிளேடால் வெட்டியிருந்தான். மோசமான வேலை.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொடர்கதையைப் படித்தேன். வசந்தா என்று ஒருத்தி. மாமியார் கொடுமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு கடிதம் கொடுக்கிறார்கள். மாமியார் கொடுத்தனுப்பியது. பிரிக்கிறாள்.

ஓட்டை.

ஓட்டைக்குக் கீழே: "என்று முடிந்திருந்தது. வசந்தா பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினாள்."

அடுத்த வாரம் கடைசி அத்தியாயம்.

அந்த மாமியார் என்னதான் எழுதியிருப்பாள்? பதினாலு வரி அளவு இடம். உட்கார்ந்து யோசித்தேன். அம்மா பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்பாவின் அம்மாவும் ஒரு காலத்தில் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். பேச வேண்டியது வந்தால் பூனையைப் பார்த்துப் பேசுவார்களாம்.

பேனாவை எடுத்தேன். எழுதினேன்.

"வசந்தா, நீ போன பிறகு காபி போட்டேன். நன்றாக இல்லை. உன் காபி நன்றாக இருக்கும். இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இதையும் படித்துவிட்டுக் கிழித்துவிடு. சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாய்?"

ஏழு வரிதான் வந்தது. எழுத்தைப் பெரிசாக்கினேன். மூன்று தாளில் எழுதி மூன்று ஓட்டையிலும் ஒட்டினேன்.

அப்பா பார்த்தார். "எங்க கெடச்சுது?"

"கெடச்சுது."

பொய்தான். அப்பா ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிசிறில்லை என்று தலையாட்டினார்.

சர்க்கரை டப்பா

சனிக்கிழமை காலை கோமதி அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நின்று படித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாளா. கல்லுன்னு நெனச்சோம். உள்ள ஈரம் இருந்திருக்கு."

எனக்கு ஒரு தட்டை கிடைத்தது. அப்பாவுக்கு அந்தத் தெரு கிடைத்தது.

அடுத்த நாலைந்து நாள் இரண்டாம் கை வீடுகளிலும் அதே பேச்சு. கால்வாயில் துணி துவைக்கிற இடத்தில்கூட ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்: "சர்க்கரை டப்பாவ எங்கட்டி வச்ச?" எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாவாடையை அலசினேன். பயமாகவும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அப்புறம் வியாழக்கிழமை வந்தது. கடைசி அத்தியாயமும் வந்தது.

இந்தத் தடவை நான் முதலில் படித்தேன். வசந்தா வீட்டுக்குத் திரும்புகிறாள். மாமியார் பத்திரத்தை நீட்டுகிறாள். "கடிதத்தில் சொன்னபடி இந்த வீட்டை உன் பேரில் எழுதிவிட்டேன்" என்கிறாள்.

காபியே இல்லை.

பத்திரிகையைக் கிணற்றில் போடலாமா என்று நினைத்தேன். மூன்று பிரதி. முதல் கை வீடு மூன்று. போகத்தான் வேண்டும்.

சாயங்காலம் கோமதி அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா முற்றத்தில் இருந்தார். அத்தையின் ஒரு கையில் எந்த வீட்டிலோ கேட்டு வாங்கின போன வாரம், ஒரு கையில் இந்த வாரம்.

"அண்ணாச்சி, ஒம்ம மக போன வாரம் காபிங்கா. இவன் இந்த வாரம் வீடுங்கான். எது நெசம்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் கதைதான அத்தை" என்றேன்.

"அப்ப நீ எழுதுனதா அது?"

"ஆமா."

"நான் அழுதேன்ளா அதுக்கு! ஒரு பத்தாங்கிளாஸ் சிறுக்கி எழுதுனதுக்கா மூக்கச் சிந்துனேன்?"

அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கினாள். அப்பா எழுந்து நின்றார். தெரு போய்விட்டது என்று நினைத்தேன்.

அத்தை பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், யாரையோ திட்டுகிற மாதிரி. "அதான் எரிச்சல்." அப்பா பக்கம் திரும்பினார். "வே அண்ணாச்சி, இனி கூப்பன் வெட்டுனா எங்கிட்ட கேட்டுட்டு வெட்டச் சொல்லும். நானும் ஒண்ணு போடணும்."

போய்விட்டார்.

அப்பா மறுபடி உட்கார்ந்தார். "கெடச்சுதுன்ன?" என்றார்.

"மண்டையில கெடச்சுது."

மீசை கொஞ்சம் அசைந்தது. ஆனாலும் விடவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. சவூதி பாய் வீட்டம்மா, ஒட்டினது யாருன்னு கேட்டு ஒன்ன வரச் சொன்னாக. அவுகளும் படிச்சிருக்காக. ஏசுவாக. வாங்கிட்டு வா."

வெள்ளிக்கிழமை மத்தியானம்

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் போனேன். கடை சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழப் போவார். அந்த ஒரு மணி நேரம் பையன்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

பின்வாசலைத் தட்டினேன். ஆமினா லாத்தா திறந்தார். பாயின் வீட்டுக்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா. "லாத்தான்னு கூப்பிடு. இங்க யாரும் அப்படிக் கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்று பிறகு சொன்னார். அன்று முதலில் கேட்டது:

"நீயா அந்தச் சக்கர டப்பா?"

"ஆமா. தப்புத்தான்."

"தப்பா? வீட்டை எழுதிக் கொடுத்த மாமியாரை நான் எங்கேயும் பாத்ததில்ல புள்ள. சக்கர டப்பா எங்கன்னு கேக்குற ஆளைத்தான் பாத்திருக்கேன்." உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் ரவை உருண்டை கொண்டுவந்து வைத்தார். "தின்னு. வேற என்ன வேணும் சொல்லு."

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். இப்படிக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. எனக்கும் தெரியும்.

உள் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பச்சைத் திரைச்சீலையின் பின்பக்கம். மூன்று டிவி, கறுப்பாக.

"அது" என்றேன்.

லாத்தா திரும்பிப் பார்த்தார். ரவை உருண்டையைக் கீழே வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கும் போடத் தெரியாது" என்றார் மெதுவாக. "கடை தொறந்து ஆறு மாசம். சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன்."

இரண்டு பேரும் போனோம். எந்த ஸ்விட்ச் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் போட்டோம். மின்விசிறி சுற்றியது. வாசல் விளக்கு எரிந்தது. கடைசியில் டிவி உயிர் பெற்றது. கறுப்புத் திரை. செங்கல் சுவர். உள்ளே கொடி.

விளையாடுகிற, பொத்தான் வைத்த கைப்பெட்டி இரண்டு இருந்தது. ஆளுக்கு ஒன்று. மஞ்சள் டாங்கி நான். பச்சை டாங்கி லாத்தா.

முதல் ஆட்டம் அரை நிமிஷம். லாத்தா என்னைச் சுட்டுவிட்டார். நான் எங்கள் கொடியையே சுட்டுவிட்டேன்.

"பைய போங்க லாத்தா! பைய!"

"நீ எதுக்குப் புள்ள நம்ம செவத்தையே இடிக்கிற?"

சிரித்துச் சிரித்து லாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைத் துணியால் துடைத்துக்கொண்டார். நான் எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. பல் தெரிந்திருக்கும்.

செத்தால் மறுபடி வரலாம். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. ஒரு தடவை செத்தால் மார்க் ஷீட்டில் ஏறிவிடும்.

எஸ்

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடவில்லை. சாப்பாட்டை நடந்துகொண்டே முடித்துவிடுவேன். லாத்தா கதவைத் திறந்தே வைத்திருப்பார். டிவி போட்டு ரெடியாக இருக்கும்.

ஒரு உத்தி கண்டுபிடித்தோம். லாத்தா கொடியைவிட்டு நகர மாட்டார். சுவருக்குள் வருகிறவனைச் சுடுவார். நான் வெளியே போய் வேட்டையாடுவேன். பையன்கள் எல்லாரும் வெளியே ஓடுவார்கள். கொடியைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் முக்கால்வாசிப் பேர் ஐந்தாவதில் சாகிறார்கள். எங்களுக்கு அது விளங்கியது. வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது பொம்பளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதினாறாவது ஸ்டேஜ் தாண்டிய அன்று லாத்தா வாசல் சிலேட்டை எடுத்து வந்தார். முருகன் கூட்டாளி ஒருவனின் எழுத்து இருந்தது, ஒன்பதாவது ஸ்டேஜ். அழித்தார். சாக்பீஸால் எஸ் என்று இங்கிலீஷில் ஒரு எழுத்து. பக்கத்தில் பதினாறு.

"லாத்தா, பாய் கேட்டா?"

"கேக்கட்டும்."

பாய் கேட்டாராம். "ஒரு ஆள் வந்து விளையாண்டுட்டுப் போச்சு" என்று சொன்னாராம் லாத்தா. பாய் வியாபாரி. மேற்கொண்டு கேட்கவில்லை. சிலேட்டுக்குக் கீழே ஒரு அட்டை தொங்கவிட்டார்: எஸ்ஸை முறியடிப்பவருக்கு ஒரு மணி நேரம் இலவசம்.

ஊரே திரண்டுவிட்டது. பத்தமடையிலிருந்து, வீரவநல்லூரிலிருந்து பையன்கள் சைக்கிளில் வந்தார்கள். அத்தனை வருஷம் விளம்பரம் படித்த நான், கடைசியில் ஒரு விளம்பரம் ஆனேன்.

வீட்டில் ஒரே பேச்சு.

"யாருன்னே தெரியலக்கா. எஸ்ஸாம். சேகர்ங்கான் ஒருத்தன். சுடலைங்கான் ஒருத்தன். பாளையங்கோட்டை காலேஜ்ல படிக்குதானாம். புல்லட்ல வாரானாம்."

"அப்படியா."

"நேர்ல பாத்தவன் இருக்கான். ஆறடி இருப்பானாம்."

"இருக்கும்."

கணக்குப் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசியாகப் போனேன். இருபத்திரண்டாவது ஸ்டேஜ். அதற்கு மேல் யாரும் போகவில்லை. பரீட்சையில் கணக்கில் பெயில். எனக்குப் படிப்பு அதோடு சரி. அடுத்த மழைக்காலத்தில் பாய் கடையை ஏறக்கட்டினார். லாத்தா ஊருக்குப் போகும்போது சிலேட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அழிக்காமல்.

பற்பொடிக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் பரிசு வேறு ஏதோ ஊருக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. ஆறுதல் பரிசு, ஆறு டப்பா பற்பொடி. முருகன் பேருக்கு. தேய்க்காமல் தின்பவனுக்கு.

அவன் அதைத் தெருவெல்லாம் காட்டினான். யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்கவே இல்லை. தன் பேருக்குப் பார்சல் வருவதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கும் விருந்தாளி வந்தால் சொல்வான், சின்ன வயதிலேயே தனக்குச் சென்னையிலிருந்து பரிசு வந்தது என்று.

அவனுக்கு இப்போது தூத்துக்குடியில் வேலை. தலை வழுக்கை. இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டுக் குற்றம் சொல்ல போன் பண்ணுகிறான். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் மகன் போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். முருகன் பக்கத்தில் உட்கார்ந்து பெருமை பேசினான். "எங்க காலத்துல எஸ்ஸுன்னு ஒருத்தன் இருந்தான்லே. இருவத்திரெண்டாவது ஸ்டேஜ். இன்னைக்கு வரைக்கும் அவன நான் நேர்ல பாத்ததில்ல."

நான் அவனுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். லே முருகா. பற்பொடியும் நான் அனுப்பினது. சிலேட்டு என் பீரோவில் இருக்கிறது. வந்து பார்.

அஞ்சாவதில் ஏன் செத்தாய் என்றும் சொல்லித் தருகிறேன். உனக்கு விளங்கும்.